பட்டம் யார் கொடுப்பது?

தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து முடித்தவரின் பட்டச் சான்றிதழில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர். 1978இலேயே தன்னாட்சி பெற்ற கல்லூரி அது. பாடத்திட்டம், தேர்வு எல்லாம் அதன் பொறுப்பு. பட்டம் தரும் அதிகாரம் மட்டும் இல்லை. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டப்படி, பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களுமே பட்டம் தரலாம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பல்லாவரம் வேல்ஸ், வண்டலூர் கிரசென்ட், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மூன்றும் நிகர்நிலை, தம் பெயரிலேயே பட்டம் தருகின்றன.

பட்டம் தரும் இந்த அதிகாரம்தான் அங்கீகாரம். சேர்க்கைக் காலத்தில் விளம்பரப் பலகைகளில் மின்னும் ‘நாக் ஏ++’ வேறு; அது தரமதிப்பீடு. 1994இல் பெங்களூருவில் தொடங்கிய நாக், நிறுவனம் முழுவதையும் பார்த்து 4க்கு இத்தனை என்று புள்ளி போடுகிறது. இன்னொரு தரமதிப்பீட்டு அமைப்பான என்.பி.ஏ. பார்ப்பது தனித்தனிப் படிப்பை. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு அதன் சான்று இருக்கும், சிவிலுக்கு இருக்காது.

ஆன்லைன் பட்டத்துக்கு அங்கீகாரம், தரமதிப்பீடு இரண்டுமே தேவைப்படுகின்றன. 2020ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி, பொதுவாக நாக்கில் 3.26 புள்ளியோ, தேசியத் தரவரிசையில் முதல் 100க்குள் இடமோ பெற்ற பல்கலைக்கழகமே ஆன்லைன் படிப்பு நடத்தலாம். முறையாக நடந்தால் அந்தப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகியவற்றுக்கு அனுமதியே கிடையாது.

பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தால் போதும் என்று நம்புவதுதான் ஆபத்து. தொலைதூர முறையில் பொறியியல் பட்டம் கொடுத்த நான்கு நிகர்நிலை நிறுவனங்களின் வழக்கில் 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றில் ஒன்று சேலத்தில் இருப்பது. நான்குமே பட்டம் தரும் தகுதி உடையவை. அந்தப் படிப்பை அந்த முறையில் நடத்தத்தான் ஒப்புதல் இல்லை. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால்தான் அவை மீளும் என்றானது. அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அவற்றைக் காட்டி வேலையும் பதவி உயர்வும் பெற்றவர்கள் நடுவழியில் நின்றார்கள். பணம் கட்டுமுன் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, சேரும் கல்வியாண்டு மூன்றும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

தமிழக அரசு வேலைக்குப் படிப்புகளை முடித்த வரிசையும் முக்கியம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டம் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என 2009இல் அரசாணை வந்தது.