சுதேசிக் கப்பல் ஏன் நின்றது?

சுதேசிக் கப்பல் கம்பெனியின் சரித்திரத்தைச் சொல்லி முடித்ததும், சாயர்புரத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அவர் ஒருவர் சிறைக்குப் போனதற்குக் கம்பெனியையே ஏன் மூட வேண்டும்?" என்று வினவினான். நியாயமான கேள்வி.

வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் பெருமுயற்சியால் அக்கம்பெனி தூத்துக்குடியில் பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். அதற்கு ஆறாம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வெள்ளையர் நடத்துவது என்னும் நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானோர் போட்ட பணம், லண்டன் கூட்டாளி ஒருவரின் சூதாட்ட வியாபாரத்தில் கரைந்திருந்தது. அங்கே அபாயம் கணக்குப் புத்தகத்துள் ஒளிந்திருந்தது. இங்கேயோ துறைமுகத்திலேயே, எல்லோர் கண்ணிலும் பட நின்றது.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர்களைப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கியதும் கப்பல் திரும்பிப் போயிற்று. ஆகவே 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் விலைக்கு வாங்கப்பட்டன. தகுந்த பரிகாரந்தான், ஆனால் அதுவே வேறோர் அபாயத்தைக் கொண்டுவந்தது. பிரயாணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் நிலக்கரி எரியும். மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எதிரி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தான். சுதேசி அரை ரூபாயாக்கியது. எதிரி இலவசம் என்றான். குடையும் இனாம் என்றான் என்பார்கள். (குடைக்கு ஆசைப்பட்ட நம்மவர் எத்தனை பேரோ!) அவனுக்குப் பல துறைமுகங்கள், கொழும்பு வழியில் விட்டதை வேறு வழியில் பிடித்துக்கொள்ளலாம். சுதேசி நம்பியிருந்ததோ பெரும்பாலும் அந்த ஒரே வழியை. புயலுக்குக் கப்பலை இன்ஷூர் செய்யலாம். கட்டணச் சண்டைக்கு நெடுநாள் தாங்கும் கையிருப்பு ஒன்றே காப்பு. புதிய கம்பெனியிடம் அது ஏது?

மற்றோர் அபாயத்தைச் சொல்ல மனம் கூசுகிறது. பங்கு சேர்த்தவரும், கப்பல் தேடி அலைந்தவரும், ஜனங்களைச் சுதேசிக் கப்பலில் ஏறத் தூண்டியவரும் ஒருவரே. எங்கள் கரையில் முத்துக் குளித்தவர்கள், மேலே கயிறு பிடிக்க நம்பகமான ஆளின்றிக் கடலில் இறங்கியதில்லை. பிள்ளையவர்கள் இறங்கினார். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12-இல் கைதானார். அதைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். தொழிலாளியைக் கைவிட்டுக் கப்பலைக் காப்பது அவர் இயல்பன்று. எல்லாப் பாரத்தையும் அவர் தோளிலேயே விட்டுவைத்த கனவான்களைத்தான் கேட்க வேண்டும்.

1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா போட்டிக் கம்பெனிக்கே விலைபோயிற்று. 1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் சிறையினின்று வெளிவந்தபோது, அவர் வாங்கிய கப்பல் எதிரியின் சொத்தாயிருந்தது.