வீடுகளில் செல் அரித்தல்: கறையானை அறியும் வழியும் தடுக்கும் வழியும்

விளைந்த பொருளையும் குடும்பத்தையும் காப்பதற்கென்றே வீடு கட்டப்படுகிறது. பயிரில் புழு விழுந்தால் மறுநாளே கண்டு பரிகாரம் தேடும் குடியானவர், தம் வீட்டு வாசற்காலை உள்ளிருந்து தின்னும் பூச்சியைப் பல வருஷங்கள் காணாமலே இருந்துவிடுகிறார். நிலையில் ஆணி அடிக்கும்போது அது சாம்பலில் இறங்குவதுபோல் இறங்கினால்தான் கறையான் வந்திருப்பது தெரிகிறது. அதற்குள் உத்தரமும் கைமரங்களும் உள்ளே கூடாகியிருக்கும். மரத்தோடு நஷ்டம் நின்றுவிடுவதில்லை. நெல் மூட்டை, துணிமணி, புத்தகம், நிலப் பத்திரம் யாவும் அதற்கு இரையே. தில்லையில் தேவார ஏடுகளைச் செல் மூடிக்கிடந்த வரலாற்றைத் தமிழர் யாவரும் கேட்டிருக்கின்றனர். அண்மைக் காலத்திலும், 2011-ஆம் வருஷத்தில் உத்தரப்பிரதேசத்துப் பாராபங்கி மாவட்டத்தில், ஒரு வங்கிக் கிளையின் காப்பறையில் அடுக்கியிருந்த சுமார் 1 கோடி ரூபாய் நோட்டுகளைக் கறையான் அரித்துவிட்டது. இரும்புக் கதவும் பூட்டும் அதற்குத் தடையாகவில்லை.

இவ்வட்டாரத்தில் தொல்லை மிகுவதன் காரணம்

மேற்கு மலைச் சரிவுகளில் வருஷத்தின் பெரும்பகுதி ஈரம் இருப்பதால் அங்குள்ள வீடுகள் கறையானுக்கு எளிதில் இலக்காகின்றன. உயர்ந்த சிகரங்களில் குளிர் மிகுதியால் அதன் பெருக்கம் குறைகிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலோ குளிரின் தடை இல்லை, ஈரமும் குறைவில்லை. அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளின் கரையோரங்களிலும் பழைய ஆயக்கட்டு நிலங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நெடுநாள் வரை நிலத்தடியில் ஈரம் காய்வதில்லை.

வேறொரு காரணமும் உண்டு. இங்கே பல மனைகள் முன்பு வயலாகவும் தோப்பாகவும் இருந்தவை. மரத்தை வெட்டியவர்கள் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டாமல் அதன்மேல் மண் கொட்டி மனையாக்கிவிடுகின்றனர். கட்டட இடிபாடுகளோடு மரத்துண்டுகளும் மண்ணுள் புதைகின்றன. கறையானுக்கு இதுவே ஆயத்தமான களஞ்சியம். அந்த இரை தீர்ந்ததும் அது மேலேயுள்ள வீட்டை நாடுகிறது.

கறையானின் இயல்பு

கறையான் வெள்ளெறும்பு என்று சொல்லப்பட்டாலும் எறும்பினத்தைச் சேர்ந்ததன்று; கரப்பான் பூச்சிக்கே நெருங்கிய உறவுடையது. இந்நாட்டுக் கறையான்களைப் பற்றிய ஆராய்ச்சி புதிதன்று. தரங்கம்பாடியில் வைத்தியராக வந்து தங்கிய கோனிக் என்பவர் தஞ்சைச் சீமையிற் கண்ட கறையான்களைப் பற்றி 1779-இல் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார்.

ஒரு கூட்டத்தில் அரசன், அரசி, வேலைக்காரர், சிப்பாய் என்னும் பிரிவுகள் உண்டு. அரசி பல வருஷங்கள் உயிர் வாழ்ந்து நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். மரத்தை அரித்து மற்றவற்றிற்கு ஊட்டுபவை வேலைக்காரப் பூச்சிகளே. அவை மென்மையான உடலுடையவை. வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து சாகும். ஆகவே வெளியில் நடமாடாமல், மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்துக் குழாய்போல் வழி அமைத்து அதனுள்ளேயே செல்கின்றன.

வீட்டுக்குத் தீங்கு செய்பவற்றை இரு வகையாகக் கொள்ளலாம். முதல் வகை நிலத்தடியில் வாழ்வது. ஓடோண்டோடெர்மிஸ் இனம் புற்றுக்குள் ஒருவிதப் பூசணத்தைப் பயிரிட்டு உண்கிறது. மழைக்குப் பிறகு புற்றருகே முளைக்கும் புற்றுக்காளான் அப்பூசணத்திலிருந்து எழுவதே. காப்டோடெர்மிஸ், ஹெட்டிரோடெர்மிஸ் இனங்கள் புற்றெழுப்பாமல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மறைந்திருப்பதால் அவற்றைக் காண்பது கடினம். இரண்டாம் வகை உலர்மரக் கறையான். இது மண்ணை நாடாது. மரத்துக்குள்ளேயே குடியிருந்து கசகசாவைப் போன்ற சிறு எச்சமணிகளைத் துளை வழியே வெளித்தள்ளும். கடலோர ஊர்களில் இது காணப்படுகிறது. பழைய மேஜை நாற்காலிகளோடு பிற இடங்களுக்கும் வருவதுண்டு.

அடையாளங்கள்

1. சுவரின் அடி, தரை ஓரம், கதவு நிலை, பரண், மின்கம்பிக் குழாய் ஆகியவற்றில் மண்வழி ஓடுதல். அதைச் சிறிது உடைத்துவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். மீண்டும் பூசப்பட்டிருந்தால் கறையான் உள்ளே இருப்பது உறுதி. பூசப்படாவிடில் வேறு வழியாகச் செல்லக்கூடுமாதலால் அப்போதும் மற்ற இடங்களைச் சோதிக்க வேண்டும்.

2. நிலை, சட்டம், உத்தரம் ஆகியவற்றைத் தட்டும்போது கூடான ஓசை கேட்டல். வர்ணம் உப்பி மெல்லிய தோலாக நிற்றல்.

3. மழை பெய்த மாலையில் வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் புறப்படுதல். காலையில் ஜன்னலடியில் உதிர்ந்த இறகுகள் குவிந்திருத்தல். வெளியே விளக்கை நாடி வரும் ஈசல் எல்லா ஊரிலும் உண்டு. தரை வெடிப்பிலிருந்து எழும் ஈசலோ வீட்டின் கீழே குடியிருப்பு இருப்பதற்குச் சாட்சி.

4. புத்தகமும் காகிதக் கட்டும் அடியில் மண்ணோடு ஒட்டிக்கொள்ளுதல்.

இறகுடைய எறும்பை ஈசல் என்று எண்ணி மருந்துக்குப் பணம் செலவிடுவோரும் உளர். ஈசலின் நான்கு இறகுகளும் ஒரே நீளமுள்ளவை, இடை பருத்தது, உணர்கொம்பு மணிகோத்தாற்போல் நேராயிருக்கும். எறும்பின் முன்னிறகு நீண்டது, பின்னிறகு குறுகியது, இடை சிறுத்தது, உணர்கொம்பு வளைந்தது.

செலவின்றித் தடுக்கும் முறைகள்

கறையானுக்கு ஈரம், இரை, மறைவு மூன்றும் வேண்டும். இவற்றைக் குறைத்தால் மருந்தின் தேவையும் குறையும். சுவரோடு சார்த்தி விறகு, வறட்டி, சவுக்குக் கழி, வைக்கோல் அடுக்கும் வழக்கத்தை முற்றிலும் விட வேண்டும். விறகைக் கல்லின்மேல் உயர்த்தி, சுவரைவிட்டு விலக்கி அடுக்குக. மக்காத எருவும் கறையானை இழுக்குமாதலால் எருக்குழி வீட்டை ஒட்டியிருத்தல் ஆகாது. நெல் மூட்டைகளை வெறுந்தரையில் போடாமல் பலகைமேல், சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால் சுற்றிப் பார்த்துச் சோதிக்க முடியும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமலும், குளியலறைக் குழாயும் கழிநீர்த் தாரையும் கசியாமலும் பார்த்துக்கொள்க. தோட்டத்து மண் வீட்டின் அடிமட்டத்துக்கு மேல் ஏறி நிற்கக் கூடாது.

புதிய வீடு கட்டும்போது

மனையிலுள்ள அடிக்கட்டை, வேர் யாவற்றையும் தோண்டி எடுத்த பிறகே அஸ்திவாரம் போடுக. கான்கிரீட் வார்க்க உபயோகித்த பலகையும் முளைக்குச்சியும் மண்ணுள் தங்கலாகாது. அடிமட்டம் தரைக்கு ஒன்றரை அடியாவது உயர்ந்திருத்தல் நன்று. வீட்டைச் சுற்றி வெடிப்பில்லாத சிமெண்டுத் தளம் போட்டால் மண்வழி வெளிப்படையாகத் தெரியும். அடிமட்டத்தில் உலோகத் தகடு வைத்து, அதைச் சுவருக்கு வெளியே 5 சென்டிமீட்டர் நீட்டி நுனியைக் கீழ்நோக்கிச் சாய்வாக மடக்குவது மற்றொரு முறை.

மரத்தைத் தேர்வதில் கவனம் தேவை. தேக்கானாலும் வெளிறு அரிபடும், வைரமே நிலைக்கும். தொல்காப்பியம் பனை முதலியவற்றைப் புறக்காழ் என்றும், மற்ற மரங்களை அகக்காழ் என்றும் பிரித்ததன் பயனை இங்கே காணலாம். தேக்கு, வேங்கை போன்றவற்றில் நடுவிலுள்ள வைரத்தையும், முதிர்ந்த பனையில் வெளிப்புறத்து வைரத்தையும் கொள்ள வேண்டும். பனையின் உட்சோறு நீங்காத கைமரம் கறையானுக்கு விருந்தாகும். மா, இலவு போன்ற மென்மரங்களை நிலைக்கு உபயோகிப்பது சிக்கனம் ஆகாது.

அஸ்திவாரத்துக்கு மருந்திடும் முறையை இந்தியத் தரநிர்ணய அமைவனம் ஐ.எஸ். 6313 என்னும் விதியில் மூன்று பாகங்களாக வகுத்திருக்கிறது. தரை போடுவதற்குமுன் நிரப்பிய மண்ணின்மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டரும், அஸ்திவாரச் சுவரை ஒட்டிய மண்ணுக்குச் சுவர்ப்பரப்பின் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டரும் மருந்துக் கரைசல் வேண்டும். இடையில் ஓரிடம் விட்டாலும் கறையான் அவ்வழியே நுழையும். ஆகவே கொத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகாமல் உரிமையாளர் உடனிருந்து பார்த்தல் வேண்டும். மருந்திட்ட மண்ணைப் பிறகு தோண்டலாகாது.

கறையான் புகுந்துவிட்ட வீட்டில்

மண்வழியைத் துடைப்பத்தால் பெருக்கிவிடுவதும், துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சுண்ணாம்பு அடிப்பதும் பலர் செய்வன. இவற்றால் கண்ணுக்குப்பட்ட சில பூச்சிகளே சாகும். நிலத்தடியில் அரசி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஆகையால் வீட்டுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வழியை அடைப்பதே பயன் தரும்.

சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் அகலத் துளையிட்டு, துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் வரை கரைசலைச் செலுத்திச் சிமெண்டால் அடைக்க வேண்டும். வெளிப்புறத்தில் சுவரை ஒட்டி அரை மீட்டர் ஆழம் பள்ளம் எடுத்து, மருந்து ஊற்றி மண்ணை மூடுக. நிலைகளில் சாய்வாகச் சிறு துளையிட்டு மருந்து செலுத்தலாம். முற்றிலும் கூடாகிப்போன மரத்தை மாற்றுவதே முறை.

முன்னாளில் இதற்கு உபயோகித்த ஆல்ட்ரின், குளோர்டேன் முதலியவை நெடுங்காலம் அழியாமல் உயிர்களுக்குக் கேடு செய்பவையாதலால் 1996-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. பழைய டப்பாக்கள் எங்கேனும் இருந்தால் தொடலாகாது. பின்னர் வழக்கில் வந்தவற்றுள் குளோர்பைரிபாஸும் இமிடாகுளோபிரிட்டும் முக்கியமானவை. இமிடாகுளோபிரிட் உடனே கொல்லாது. கறையான் அதன் வாசனையை அறியாமல் கடந்து சென்று மற்றவற்றிற்கும் பரப்பும். மருந்துகளின் அனுமதி காலத்துக்குக் காலம் மாறுவதால், வாங்கும் சமயத்தில் கட்டடக் கறையானுக்கு அனுமதி பெற்றதா என்பதைப் புட்டியின் சீட்டிலேயே படித்து, அதில் கண்ட அளவையே கொள்க. வயலுக்கு வாங்கிய மிச்ச மருந்தை மனம்போல் கலந்து வீட்டில் ஊற்றலாகாது. குடிதண்ணீர்க் கிணற்றின் அருகிலும், ஆழ்துளைக் கிணற்றின் அருகிலும், மழை வரும் நாளிலும் மருந்திடுதல் தகாது. குழந்தைகளையும் கால்நடையையும் அப்புறப்படுத்தி, தானியத்தை வெளியேற்றி, கையுறை அணிந்தே வேலை செய்க. காலிப் புட்டியைத் தண்ணீர் மொள்ள உபயோகிப்பது பேராபத்து.

வீட்டுக்கு எட்டத்தில் உள்ள புற்றுகளை உடைக்க வேண்டுவதில்லை. சருகையும் கட்டையையும் மக்கச்செய்து நிலத்துக்கு உரமாக்குவது கறையானின் இயற்கைத் தொழில். திருவேற்காடு முதலிய தலங்களில் மக்கள் வழிபடும் புற்றுகளுக்கும் இதனால் இடையூறு நேராது.

தஸ்தாவேஜுகளின் பாதுகாப்பு

கிராம அலுவலகங்களிலும் குடியானவர் வீடுகளிலும் கறையானால் நேரும் மீளாத நஷ்டம் இதுவே. பட்டாவும் சிட்டாவும் இக்காலத்தில் கணினியில் பதிவாகியிருப்பினும், மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில் ஆகியவை அரிபட்டால் அவற்றின் நகல்களைத் தேடி அலைய நேரும். பதிவு செய்யாத பழைய காகிதமாயின் நகலும் கிடைக்காது. சுவரில் பதித்த மர அலமாரி இதற்கு ஏற்றதன்று. இரும்புப் பெட்டியைச் சுவரைவிட்டு நகர்த்தி, கால்களுக்கு அடியில் கல் வைத்து, அரைச்சாண் இடைவெளி தெரியும்படி நிறுத்துக. காகிதங்களை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்தல் வேண்டும். பதிவேடுகளைத் தரையில் அடுக்கும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் கைவிடுதல் நலம்.

மழைக்கு முன் புரட்டாசியிலும், மழை ஓய்ந்து தையிலும், ஈசல் புறப்படும் நாட்களிலும் ஒரு விளக்கோடு வீட்டைச் சுற்றிவர அரை நாழிகை போதும். ஒரு நிலை அரிபட்டபோதே கண்டவருக்குச் செலவு ஒரு நிலையோடு முடியும். கூரை சாய்ந்த பின் காண்பவருக்கு வீட்டையே மறுபடி கட்டும் செலவு நேரும். குடியானவர்கள் தத்தம் வீட்டை இவ்வாறு சோதித்து, அண்டை வீட்டாருக்கும் அறிவித்து, ஒருங்கே பரிகாரம் செய்துகொள்வார்களாக.