ஓய்வுநாளும் உணவளவும்

உடலின் எடையைக் குறைக்க முயல்வோர் இன்று நம்மிடையே பலர் உளர். நீரிழிவென்றும் இரத்த அழுத்தமென்றும் வைத்தியர் எச்சரித்த பின்னர், விடியற்காலையில் எழுந்து நடப்பதை அவர்கள் ஒரு கடமையாகக் கொள்கின்றனர். கிழமையில் ஆறு நாள் ஒழுங்காக நடந்து, ஏழாம் நாள் ஓய்ந்திருப்பது பலருக்கு வழக்கம். நடக்கும் நாள்களில் எவ்வாறு உண்பதென்பதை அவர்கள் ஒருவாறு அறிவர். ஓய்ந்திருக்கும் அந்த ஒரு நாளிலேதான் பலர் இடறிவிடுகின்றனர்.

இவ்விடறல் இரு வகைப்படும். "இன்று நடக்கவில்லை, ஆதலால் உண்பதற்கு உரிமையில்லை" என்று அஞ்சிக் காலையுணவைக் கைவிட்டு, மத்தியானத்தில் ஒரு பிடி சோற்றுடன் எழுந்துவிடுவோர் ஒரு சாரார். "ஆறு நாள் வருந்தினோம், இன்றாவது வயிறார உண்போம்" என்று கட்டுப்பாட்டை அவிழ்த்துவிடுவோர் மற்றொரு சாரார். நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமையே இறைச்சிக்கறியும் பொரியலும் பாயாசமும் கூடும் நாள். உறவினர் வந்துபோகும் நாளும் அதுவே. ஆதலின் இரண்டாவது சாரார்க்குத் துணை நிற்போரும் மிகப் பலர்.

இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் மாறானவர்போலத் தோன்றினும், இருவரையும் மயக்குவது ஒரே எண்ணமாகும். உணவென்பது உழைப்புக்குரிய கூலி. உழையாத நாளிற் கூலி இல்லை, மிக உழைத்தபின் மிகைக் கூலி உண்டு என்பதே அவ்வெண்ணம். ஆனால் உடம்பு நாட்கூலிக்கு வேலை செய்யும் ஆள் அன்று.

உடம்பு ஒரு நாளிற் செலவிடும் சக்தி எங்கே செல்கின்றதென்பதை அறிந்தால் இவ்வுண்மை தெளிவாகும். இருதயம் துடிப்பதற்கும், மூச்சு இயங்குவதற்கும், மூளையும் ஈரலும் சிறுநீரகமும் தத்தம் பணியைச் செய்வதற்கும் சக்தி வேண்டும். பெரும்பாலான மக்களிடத்தில் நாள் முழுவதும் செலவாகும் சக்தியில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை இவ்வாறு ஓய்விலேயே செலவாகிவிடுகின்றது. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நாள் முழுவதும் கட்டிலிற் கிடந்தாலும் ஏறக்குறைய 1500 கலோரி அவருடைய உடம்புக்கு வேண்டியிருக்கும். அவரே மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், சும்மா இருந்திருப்பின் செலவாகியிருக்கக் கூடியதற்கு மேலதிகமாகச் செலவாவது ஏறக்குறைய 175 கலோரி மாத்திரமே. ஒரு கோப்பைச் சோற்றில் 200 கலோரி வரை உண்டு. ஆகவே நடந்த நாளுக்கும் நடவாத நாளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கோப்பைச் சோற்றின் அளவுதானும் இல்லை. இச்சிறு வேறுபாட்டுக்காகப் பட்டினி கிடப்பதும் பொருந்தாது, விருந்துண்பதும் பொருந்தாது. நெடுந்தூரம் ஓடுவோர்க்கும் கடினமான விளையாட்டுகளில் ஈடுபடுவோர்க்கும் இவ்வேறுபாடு பெரிதாகும். அத்தகையோர் ஓய்வுநாளிற் சோற்றையும் மாப்பண்டத்தையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

ஓய்வுநாளில் ஏன் பட்டினி கிடத்தலாகாது? ஓய்வென்பது வேலை நிற்கும் நேரம் அன்று. உடம்பு தன்னைப் புதுப்பிக்கும் நேரம். பாரந்தூக்கும் பயிற்சி போன்றவற்றைச் செய்தவருடைய தசைநார்களிற் புதுப்பிக்கும் வேலை பயிற்சி முடிந்தபின் ஒரு நாளும், சிலவேளை இரண்டு நாளும் தொடர்ந்து நடைபெறும். அதற்கு வேண்டிய புரதம் உணவிலிருந்தே வரல் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு உடலெடையில் கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. எடை குறைக்கும் காலத்தில் அதனினும் சற்று மிகுதியாக வேண்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். தசை கரைந்தவருக்குத் தராசு நல்ல செய்தி சொன்னாலும் உடம்பின் வலிமை குன்றிவிடும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மாத்திரம் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

பட்டினியால் மனத்துக்கு நேர்வதையும் கருதல் வேண்டும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். போரிற் சேர மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர் அதற்குத் தாமாகவே முன்வந்தனர். ஏறக்குறைய ஆறு மாதம் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. அவர்களுடைய எடை ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்தது. அதனோடு அவர்களுடைய சிந்தனையும் மாறிற்று. உண்பதைப் பற்றியே பேசினர்; உணவைப் பற்றியே கனவு கண்டனர்; சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கிய பின்னரோ சிலர் அளவின்றி உண்டனர். ஒரு நாட் பட்டினி இத்துணைக் கேடு செய்யாதெனினும், வலிந்து ஒடுக்கப்பட்ட பசி பிறிதொரு வேளையிற் பெருகி வருமென்பதை இவ்வாராய்ச்சி உணர்த்துகின்றது. ஞாயிறன்று பகலிற் பட்டினி கிடந்தவர் இரவு அடுக்களைக்குச் சென்று கைக்கெட்டியதையெல்லாம் உண்பதன் காரணமும் இதுவே.

நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ பெறுவோர்க்கு உணவைத் தவிர்ப்பது ஆபத்தாகவும் முடியலாம். மருந்து தன் வேலையைச் செய்யும். உணவு வராவிடின் இரத்தத்திலுள்ள சீனி அளவுக்கு மீறித் தாழும். வியர்வையும் நடுக்கமும் தோன்றி, அறிவு மயங்கவும் கூடும். இத்தகையோர் விரதநாளாயினும் ஓய்வுநாளாயினும் வைத்தியரைக் கேளாமல் ஒருவேளை உணவையும் விடலாகாது.

இனி, விருந்துண்பதன் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஆறு நாள், நாளொன்றுக்குத் தம் செலவினும் 400 கலோரி குறைவாக உண்டு வருகின்றார் எனக் கொள்வோம். ஆறு நாளிற் சேரும் குறை 2400 கலோரி. உடம்பிலுள்ள கொழுப்பில் ஒரு கிலோகிராம் ஏறக்குறைய 7700 கலோரிக்கு நிகர். ஆகவே அவருடைய உழைப்பு 300 கிராம் கொழுப்பைக் கரைத்திருக்கும். ஏழாம் நாள் அவர் தம் செலவினும் 1500 கலோரி மிகையாக உண்டால், எஞ்சுவது 900 கலோரி. அஃதாவது 120 கிராமுக்கும் குறைவு. ஆறு நாள் உழைப்பில் பாதிக்கு மேல் ஒரு நாளிலே போயிற்று. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. பொரியலும் பாற்கறியும் சம்பலும் வடையும் பாயாசமும் ஒரே நாளிற் கூடும்போது 1500 கலோரி சேர்வது அரிதன்று.

விருந்துக்கு மறுநாட் காலையில் தராசில் ஏறி நிற்போர் பலர் மனமுடைந்து போகின்றனர். ஒரே நாளில் ஒரு கிலோகிராம் கூடிவிட்டதே என்று வருந்தி முயற்சியையே கைவிடுவோரும் உளர். அவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. சோற்றிலிருந்து பெறும் மாச்சத்தின் ஒரு பகுதியை உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமிக்கின்றது. அவ்வாறு சேமிக்கும் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் நீரும் தங்குகின்றது. உப்பு மிகுந்த உணவும் நீரைத் தங்கவைக்கும். மறுநாள் தராசு காட்டும் மிகையிற் பெரும்பகுதி இந்த நீரேயன்றிக் கொழுப்பன்று. சில நாளில் அது நீங்கிவிடும். எனவே அன்றாடம் காணும் ஏற்றத்தாழ்வை விடுத்து, கிழமைக்கொருமுறை ஒரே நாளில், ஒரே வேளையில் நிறுத்துப் பார்ப்பதே சாலச் சிறந்தது.

அவ்வாறாயின் ஓய்வுநாளில் எவ்வாறு உண்பது? மூன்று வேளை உணவும் வழக்கமான நேரத்தில் அமைதல் வேண்டும். மீனோ முட்டையோ பருப்போ பயறோ தயிரோ ஒவ்வொரு வேளையிலும் இடம்பெறட்டும்; இவற்றைக் குறைத்தலாகாது. தட்டிற் பாதியை மரக்கறியும் கீரையும் வல்லாரைச் சம்பலும் நிரப்பட்டும். சோறோ பிட்டோ இடியப்பமோ நாள்தோறும் உண்பதினும் ஓர் அகப்பை குறையலாம். இறைச்சிக்கறி சமைத்த நாளிற் பொரியலை விடலாம்; பாயாசம் வைத்த நாளில் வடையை விடலாம். விருப்பமான ஒன்றை அளவோடு உண்பவர் ஏங்குவதும் இல்லை. எல்லை கடப்பதும் இல்லை.

வீட்டில் இருக்கும் நாளிற் பொழுதுபோக்காகத் தின்பதே பெரும் பகை. முறுக்குப் பேணி அருகிலிருந்தால் கை தானாகவே அதை நாடும். தேநீரும் அத்தகையதே. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி வீதம் ஐந்து கோப்பை குடித்தால், சீனியால் மாத்திரம் 160 கலோரி சேரும். இது ஏறக்குறைய ஒரு மணி நேர நடையின் பயன். உண்ணத் தோன்றும்போது ஒரு குவளை நீர் அருந்திச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால், வந்தது பசியா, சோம்பலா என்பது தெரிந்துவிடும். பசியாயின் ஒரு கொய்யாப்பழமோ அவித்த கடலையோ உண்ணலாம். முற்றத்தைக் கூட்டுதல், பூமரங்களுக்கு நீர் விடுதல் போன்ற இலேசான வேலைகள் ஓய்வுக்குப் பகையல்ல.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு உண்ணும் முறையையே பேசுகின்றன. முன்னுண்டது செரித்ததை அறிந்து, பசியின் அளவறிந்து உண்ணவேண்டும் என்பதே அவற்றின் கருத்து. அங்கே வேலைநாளென்றும் ஓய்வுநாளென்றும் வேறுபாடு கூறப்படவில்லை. எடை குறைப்போரும் ஒரு நாளை ஒரு நாளாகப் பாராது, ஏழு நாளையும் ஒன்றாக நோக்கி அளவறிந்து உண்பாராயின், ஆறு நாள் நடந்த நடை வீண்போகாது. ஏழாம் நாளின் ஓய்வும் உண்மையான ஓய்வாகும்.