யாருடைய கையெழுத்து வேண்டும்?

கொடுத்த வாக்கு – 12

2011 ஏப்ரல் 7. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகள் நீலகிரி மலையெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மசினகுடியின் தலையெழுத்தைத் தொடுகிற ஒரு தீர்ப்பைச் சொன்னது. சீகூர் பீடபூமியை யானை வழித்தடமாக அறிவித்து 2010 ஆகஸ்ட் 31 அன்று மாநில அரசு போட்ட அரசாணை செல்லும். வழித்தடத்துக்குள் இருக்கும் விடுதி உரிமையாளர்களும் மற்றவர்களும் மூன்று மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும்.

13ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. மே மாதம் ஆட்சி மாறியது. அரசாணை மாறவில்லை.

சென்ற வாரம் 1967ஐப் பார்த்தோம். ரூபாய்க்கு ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று சொல்லி வென்ற தி.மு.க., சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கி, அதற்கு மேல் கொண்டுபோக முடியாமல் நின்றது. அங்கே தடையாக இருந்தது பணம். அரிசி வாங்கவும் விற்கவும் விலை குறைக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. கஜானாதான் இடம் கொடுக்கவில்லை. மசினகுடியில் கொடுக்கப்படும் வாக்குறுதிகள் வேறு வகை. கொடுப்பவரின் கையில் இல்லாத பொருளை அவர் கொடுப்பதாகச் சொல்கிறார். சொல்லும்போதே அது அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மனம் மாறியவர்களைவிட இவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

இந்த ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் காற்று மாறும், மரங்கள் மாறும், தேயிலைக்குப் பதில் முட்புதர்க்காடு வரும். ஒரு பக்கம் நீலகிரியின் வடக்குச் சரிவு, இன்னொரு பக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. முதுமலையிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போகும் யானைகளுக்கு நடுவில் இருக்கும் இந்தச் சீகூர் மேட்டுநிலம்தான் பாதை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் அது இணைக்கிறது. அதே நிலத்தில் மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம், மாயார், சிறியூர் என்று மனிதர்களும் இருக்கிறார்கள். இருளரும் குறும்பரும் காலங்காலமாக இருப்பவர்கள். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா – சிங்காரா மின்நிலையம், அதன் பிறகு வந்த மாயார் மின்நிலையம் ஆகியவற்றின் வேலைக்காக வந்து தங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாடு வளர்த்துச் சாணத்தைக் கேரளத்துத் தோட்டங்களுக்கு விற்றுப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. பிறகு சுற்றுலா வந்தது, வெளியூர்ப் பணம் வந்தது, விடுதிகள் முளைத்தன, மின்வேலிகள் வந்தன. யானைக்கு இடம் குறைந்தது.

யானை வழித்தடம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. என் கேள்வி, அந்த நிலத்தில் வாழும் மனிதர்களிடம் யார் உண்மையைச் சொன்னார்கள் என்பதுதான்.

2010இல் அரசாணை போட்டது தி.மு.க. ஆட்சி. 2011இலிருந்து பத்தாண்டுகள் அ.தி.மு.க. ஆட்சி. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்த அத்தனை ஆண்டுகளும் தமிழ்நாடு அரசின் வழக்கறிஞர்கள் அந்த அரசாணையை ஆதரித்துத்தான் வாதிட்டார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மாவட்ட நிர்வாகம் விடுதிகளுக்குச் சீல் வைத்தது. 2020 அக்டோபர் 14 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ. போப்டே தலைமையிலான அமர்வு அரசாணையை உறுதிசெய்தது. நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. ஆக, ஆட்சி மாறினாலும் நீதிமன்றத்தில் அரசின் நிலைப்பாடு மாறவில்லை. அது நியாயமான நிலைப்பாடு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேடையிலும் அதையே சொல்லியிருக்க வேண்டும். டெல்லியில் அரசாணையைக் காப்பாற்ற வாதாடிக்கொண்டே, இங்கே ஜீப்பில் நின்று “உங்க வீட்டு மேல ஒருத்தன் கை வைக்க முடியாது” என்று பேசியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பொக்காபுரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டினார். வீட்டு வரி ரசீதுகள் ஆண்டு வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. மின்கட்டண அட்டை, ரேஷன் கார்டு நகல், ‘பெறப்பட்டது’ என்று ஊதா மையில் முத்திரை குத்திய மனுக்களின் நகல்கள். அவற்றுக்கு அடியில் மக்கள் பிரதிநிதிகளின் கடிதத்தாள்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பரிந்துரைக்கிறேன். கட்சி மாறியிருந்தது, சின்னம் மாறியிருந்தது, வாசகம் மாறவில்லை. “ஓட்டுக்கு முன்னாடி பட்டா வாங்கித் தர்றோம்னாங்க. ஜெயிச்சப்புறம் போய்க் கேட்டா இந்த லெட்டர். அடுத்த தடவை போனா, கேஸ் கோர்ட்ல இருக்கும்மாங்கறாங்க. கோர்ட்ல இருக்கறது ஓட்டுக் கேக்க வந்தப்ப தெரியாதா சார்?”

அவர் கேட்டதுதான் இந்தத் தொடரின் மையக் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஒரு வாக்குறுதி நிறைவேற யாருடைய கையெழுத்து வேண்டும்? மசினகுடி முதுமலைப் புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதியில் இருக்கிறது. காப்பக விஷயங்களில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்குப் பங்கு உண்டு. வனநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். வழித்தடத்துக்குள் வரும் தனியார் நிலம் என்றால் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் முன்னால் நிற்க வேண்டும். இத்தனை கதவுகளில் எதற்கும் சட்டமன்ற உறுப்பினரிடம் சாவி இல்லை. “நான் அவர்களிடம் வாதாடுவேன், எடுத்துச் சொல்வேன்” என்றால் அது நேர்மையான பேச்சு. “நான் வாங்கித் தருவேன்” என்பது பொய்.

பக்கத்தில் கூடலூர், பந்தலூர்க் கதை இதைவிட நீளம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை உடைமையான ஜென்ம நிலங்களை அரசுடைமையாக்க 1969இல் சட்டம் வந்தது. 1974 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஏறத்தாழ 80,000 ஏக்கர். அதில் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்ட நிலங்களைப் பற்றிப் பேசுவது பிரிவு 17. சட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்குதான் ஐ.ஆர். கொயலோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்த, நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற வழக்கு. அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்த சட்டத்தையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்ற பெரிய கோட்பாடு நம் கூடலூர்க் காட்டிலிருந்து போயிருக்கிறது. ஆனால் அந்த நிலங்களில் குடியேறி வீடு கட்டியவர்கள் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பிரிவு 17 பிரச்சினைக்குத் தீர்வு என்ற வாக்குறுதி இல்லாமல் அங்கே எந்தத் தேர்தலும் நடப்பதில்லை.

கூடலூர்த் தொகுதிக்கு இன்னொரு துயரம் உண்டு. 2011லும் 2016லும் மாநிலத்தில் அ.தி.மு.க. வென்றது; கூடலூர் தி.மு.க.வின் திராவிடமணியைத் தேர்ந்தெடுத்தது. 2021இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, கூடலூர் அ.தி.மு.க.வின் பொன். ஜெயசீலனைத் தேர்ந்தெடுத்தது. தொடர்ந்து மூன்று தேர்தல்களில் எதிர்க்கட்சி உறுப்பினர். “நான் எதிர்க்கட்சிங்க, என் பேச்சை யார் கேக்கறாங்க” என்று சொல்ல உறுப்பினருக்கு வழி இருக்கிறது, “உங்க எம்.எல்.ஏ. எங்க ஆள் இல்லையே” என்று சொல்ல ஆளுங்கட்சிக்கும் வழி இருக்கிறது. கொடுத்த வாக்கை யாரும் மறுக்காமலே அது கைமாறிக் கைமாறித் தொலைந்துபோகிறது.

நாடாளுமன்றத் தொகுதியின் அமைப்பும் இதற்குத் துணை. நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உதகமண்டலம், கூடலூர், குன்னூர் மலையில். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் சமவெளியில். மலையின் மூலையில் சில ஆயிரம் ஓட்டுள்ள ஊர் கோபித்துக்கொண்டாலும் அவிநாசியில் ஈடுகட்டிவிடலாம். இந்தக் கணக்கு எந்த வேட்பாளருக்கும் தெரியாததில்லை.

கோபத்துக்கு எடை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2010இல் பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் நிக் கிளெக், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்பேன் என்று உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கூட்டணி ஆட்சியில் துணைப் பிரதமரானார். அதே ஆண்டில் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்த நாடாளுமன்றம் வாக்களித்தது. 2012இல் மன்னிப்புக் கேட்டார். 2015 தேர்தலில் 57 இடங்கள் வைத்திருந்த கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. கோபப்பட்ட மாணவர்கள் நாடெங்கும் பரவியிருந்தார்கள், அதனால் அவர்கள் கோபத்துக்கு எடை இருந்தது. மசினகுடியின் கோபத்துக்கு அந்த எடை இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 2006இல் தி.மு.க. அறிவித்த இலவச வண்ணத் தொலைக்காட்சியை ஒட்டி எழுந்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கையில் சொல்லும் வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. அதன்படி 2014இல் நடத்தை விதிகளில் ஒரு பகுதி சேர்ந்தது: வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கட்சிகள் சொல்ல வேண்டும், நிறைவேற்றக்கூடியதை மட்டுமே சொல்ல வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்ட விதி, அதிகாரம் எங்கிருந்து வரும் என்று தனியாகக் கேட்கவில்லை. மலைவாழ் மக்களுக்கு இரண்டாவதுதான் முக்கியமான கேள்வி. எப்படியானாலும், நிறைவேற்றாத கட்சியை ஒன்றும் செய்ய முடியாது.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. ஏப்ரல் முடிவதற்குள் மாநில வனத்துறை யானை வழித்தடங்கள் பற்றிய வரைவு அறிக்கையை வெளியிட்டது. மாநிலம் முழுவதும் 42 வழித்தடங்கள். கருத்துச் சொல்லக் கிடைத்தது சில நாட்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கூடலூர்ப் பக்கம் கொதித்துப்போனார்கள். அறிவியல்படி அது சரியான அறிக்கையாகவே இருக்கட்டும். ஆனால் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்த நாட்களில் அதைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தால் மக்கள் வேட்பாளர்களிடமே கேட்டிருப்பார்கள். ஓட்டுப்போட்ட மை அழிவதற்குள் வந்த அறிக்கையை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

உள்ளூரிலேயே கையெழுத்துப் போட்டு முடிக்கக்கூடிய வேலைகள் கிடப்பில் இருப்பதுதான் எனக்கு இன்னும் வேதனை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. வீட்டுமனைக்கும் விவசாய நிலத்துக்கும் மேய்ச்சலுக்கும் சிறுவன மகசூலுக்கும் உரிமை கோரலாம். கிராமசபை முடிவெடுத்து அனுப்ப வேண்டும். கோட்ட அளவிலான குழு பார்க்கும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவுசெய்யும். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. சட்டத்தின் பிரிவு 3(2) இன்னும் தெளிவு: பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை உட்பட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபைப் பரிந்துரையின் பேரில் பயன்படுத்தலாம். “ஃபாரஸ்ட்டுக்காரங்க விட மாட்டேங்கறாங்க” என்று கைவிரிக்கும் பிரதிநிதியிடம், எந்தத் தேதியில் கிராமசபைத் தீர்மானம் போட்டு அனுப்பினீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

இதில் மேடைக்கு ஏற்ற முழக்கம் இல்லை. கிராமசபையில் உட்கார வேண்டும், விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும், நிராகரித்த விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு எழுதித் தர வேண்டும், குழு கூடுகிறதா என்று மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். படிக்கவும் எழுதவும் நேரம் ஒதுக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினரால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இதைச் செய்ய முடியும். எதிர்க்கட்சி என்ற சாக்கு இங்கே செல்லாது.

வழித்தடப் பிரச்சினையிலும் அவர் செய்யக்கூடியது உண்டு. கோடிகளில் கட்டிய சொகுசு விடுதிக்கும் இரண்டு அறை ஓட்டு வீட்டுக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே அச்சம். விடுதிக்காரர் டெல்லியில் மூத்த வழக்கறிஞரை வைத்துக்கொள்கிறார். அந்த அம்மாவுக்கு இருப்பது ஜவுளிக்கடைப் பை. அவருடைய ரசீதுகளை வரிசைப்படுத்தி, முறையான ஆட்சேபமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குழுவின் முன் வைக்க ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தருவது ஒரு மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்தால் ஆகாத காரியமா? தோற்றாலும்கூட, மாற்று இடமும் இழப்பீடும் என்ன, எப்போது என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். முதுமலைக்குள்ளிருந்து வெளியேறிய குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய்த் தொகுப்பு என்ற ஏற்பாடு இருந்தது. அந்தப் பணம் எப்படி வந்தது, நிலமாக மாறியதா என்று அவர்களிடமே விசாரித்து வந்து இங்கே சொல்லலாம்.

அடுத்த தேர்தலுக்கு ஜீப் வரும்போது கேட்பதற்காக அந்த அம்மாவின் மகள் என்னிடம் இரண்டு விஷயங்களை நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். ஒன்று, பிரிவு 3(2). மற்றொன்று, மாவட்ட அளவிலான வன உரிமைக் குழுவில் யார் யார் உறுப்பினர்கள் என்பது. அந்தக் குழுவில் மாவட்ட ஊராட்சி அளவிலான மக்கள் பிரதிநிதிகள் மூன்று பேருக்கும் இடம் உண்டு என்றபோது, “அவங்க யாரு, பேரு என்ன?” என்று உடனே கேட்டார்.

(அடுத்த வாரம்: 2006 தேர்தலும் இரண்டு ஏக்கர் நிலமும்)