குழந்தைப் பருவத்து ரத்தம்

2023-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், அதற்குப் பின் மூன்று வாரங்கள் கழிந்து டிசம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும், காஸ்ஜெவி என்னும் புதிய சிகிச்சைக்கு அனுமதி அளித்தன. கிரிஸ்பர் என்னும் நுட்பத்தால் மனிதருடைய மரபணுவில் கை வைத்து நோய் தீர்க்கும் முறை, ஆராய்ச்சிக்கூடத்தைக் கடந்து அங்கீகாரம் பெற்ற வைத்தியமாக அடியெடுத்து வைத்தது அப்போதுதான். அரிவாள் அணு ரத்தசோகை என்னும் பரம்பரை நோய்க்கு அந்தச் சிகிச்சை. செய்தி பரவியபோது எங்கும் கிரிஸ்பரின் பெருமையே பேசப்பட்டது. பேசப்பட வேண்டிய பெருமைதான். ஆயினும் அதைக் காட்டிலும் ஆழ்ந்த ஓர் உண்மை இந்தச் சிகிச்சையினுள்ளே பொதிந்து கிடக்கிறது. நோய்க்குக் காரணமான பிழையை இது தொடுவதே இல்லை. தாயின் கருவில் இருந்த காலத்தில் நம் ஒவ்வொருவர் நாளங்களிலும் ஓடி, பிறந்த சில மாதங்களுக்குள் சரீரம் கைவிட்டுவிட்ட ரத்தம் எதுவோ, அதை மறுபடியும் ஊறச் செய்து, அதன் துணைகொண்டே நோயை அடக்குகிறது.

வளைந்த அணுக்கள்

1904-ஆம் ஆண்டின் இறுதியில், கரீபியன் கடலிலுள்ள கிரெனடா தீவிலிருந்து பல் வைத்தியம் பயில வந்திருந்த இளைஞர் ஒருவர், இருமலும் காய்ச்சலும் வாட்ட, சிகாகோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் வந்து சேர்ந்தார். அவருடைய ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த எர்னஸ்ட் அயன்ஸ் என்னும் பயிற்சி மருத்துவர், வட்ட வடிவான சிவப்பணுக்களின் நடுவே, ஒல்லியாய் நீண்டு, கதிரறுக்கும் அரிவாளைப் போல் வளைந்து கிடந்த விசித்திரமான அணுக்களைக் கண்டார். அவருடைய மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக் அந்தக் காட்சியை 1910-இல் வைத்திய உலகத்துக்கு அறிவித்தார். ஆப்பிரிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்த துன்பம், விஞ்ஞானத்தின் ஏடுகளில் ஏறியது அன்று முதல்தான்.

சிவப்பணுவின் ஆரோக்கியம் அதன் நெகிழ்ச்சியில் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு அகலமே உள்ள அந்த அணு, தன்னைக் காட்டிலும் குறுகலான தந்துகிகளின் வழியே உடலை மடக்கி நுழைந்து, அப்பாலுள்ள தசைக்குப் பிராணவாயுவைச் சேர்ப்பித்துத் திரும்ப வேண்டும். வளைந்து விறைத்த அணுவால் அது இயலாது. ஒன்று சிக்கிக்கொண்டால் பின்னால் வருபவை அதன் மேல் மோதி அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட இடத்துக்கு அப்பால் எலும்பும் தசையும் மூச்சுக்குத் தவிக்கின்றன. அந்தத் தவிப்பே, எலும்பை நொறுக்குவதாகச் சொல்லும்படியான கடும் வலியாய் நோயாளியைத் தாக்குகிறது. சாதாரணமாக 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு இந்நோயாளரிடத்தில் 10 முதல் 20 நாளுக்குள் மடிந்துவிடுவதால், சோகையும் நீங்காமல் தங்கிவிடுகிறது. மண்ணீரல் சிறு வயதிலேயே பழுதாகிறது. நியூமோனியா போன்ற தொற்றுகள் குழந்தைகளின் உயிரைக் கொள்ளை கொள்கின்றன. பக்கவாதம் இளம் பிராயத்திலேயே வருவதும் உண்டு.

இந்த அணுக்கள் பிராணவாயு குறையும்போது மாத்திரமே வளைகின்றன என்று வில்லியம் காஸில் என்னும் மருத்துவப் பேராசிரியர் 1945-இல் சொல்லக் கேட்ட ரசாயன அறிஞர் லைனஸ் பாலிங், அப்படியானால் கோளாறு பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அவரும் அவருடைய சகாக்களும் நோயாளரின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் நகரவிட்டு, அது மற்றவர்களுடையதினின்றும் வேறுபட்டு நகர்வதை 1949-இல் நிரூபித்தபோது, ஒரே ஒரு மூலக்கூறின் கோளாறே ஒரு நோயாக முடியும் என்பது முதன்முதலாக உறுதிப்பட்டது. சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அந்தக் கோளாறு இருக்குமிடத்தையே சுட்டிவிட்டார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் வரிசையாய்க் கோக்கப்பட்ட 146 அமினோ அமிலங்களில், ஆறாவது இடத்தில், குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலைன் வந்து அமர்ந்திருந்தது. மரபணுவின் எழுத்துக்களில் ஒன்றே ஒன்று மாறியதன் பலன் அது.

இவ்வளவு கொடிய பிழை இத்தனை தலைமுறைகளாக அழியாமல் நிலைத்தது எப்படி என்ற கேள்விக்கு, கென்யாவில் வளர்ந்த ஆந்தனி அல்லிசன் விடை கண்டார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சூழ்ந்த பகுதிகளிலும் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் இந்த மரபணுவை உடையவராயிருக்க, மலேரியா இல்லாத உயர்ந்த மேட்டு நிலங்களில் அது நூற்றுக்கு ஒருவரிடமும் இல்லை என்பதை அவர் கவனித்தார். தாய், தந்தை ஆகிய இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவர் நோயாளி ஆவதில்லை. அவர் மலேரியாவின் கடுமையினின்றும் பெருமளவு காக்கப்படுகிறார் என்று 1954-இல் அவர் எடுத்துக் காட்டினார். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையே நோயைச் சுமக்கிறது. கொசுவுக்கும் மனிதருக்கும் நடந்த நெடும்போரில் பலரைக் காத்த கேடயத்தின் விலையைச் சிலர் தம் உடலால் செலுத்தி வருகிறார்கள்.

சிசு காட்டிய வழி

நோயின் காரணம் தெரிந்து அரை நூற்றாண்டு ஆன பின்னரும், அதைத் தீர்க்கும் உபாயம் மட்டும் கைக்கு எட்டாமலே இருந்தது. அதற்கான குறிப்போ, பாலிங்கின் கட்டுரை வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, 1948-இல், நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன் எழுதிய எளிய ஓர் அவதானிப்பில் இருந்தது. இந்த மரபணுவோடு பிறந்த சிசுக்களின் ரத்த அணுக்கள், வயது வந்தவர்களுடையவற்றைப் போல் எளிதில் வளைவதில்லை. குழந்தை வளர வளரத்தான் அந்தக் குணம் தலைகாட்டுகிறது. கருவில் ஊறும் ஹீமோகுளோபின் வேறு வகையாய் இருப்பதே அதற்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார்.

அவர் கருதியது சரியே. கருவிலுள்ள சிசு, தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயுவை ஈர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அதனை இன்னும் இறுகப் பற்றும் தனி ஹீமோகுளோபினைப் பெற்றிருக்கிறது. பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா சங்கிலி அதில் அமைந்திருக்கிறது. பிறந்தபின் காமா மரபணு சிறிது சிறிதாக ஓய, பீட்டா மரபணு பொறுப்பேற்று, ஆறு மாதத்துக்குள் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பீட்டாவில் பிழையுள்ள குழந்தைக்கு நோய் தொடங்குவதும் அந்த மாதங்களிலேதான். உலகில் சிலரிடத்தில் மட்டும், பரம்பரை விசேஷத்தால், காமா மரபணு ஆயுள் முழுதும் ஓயாமல் வேலை செய்கிறது. அத்தகையோர் அரிவாள் அணு மரபணுவையும் உடன் பெற்றிருந்தாலும், நோயின் கொடுமை அவர்களை அணுகுவதில்லை என்பதை மருத்துவர்கள் 1950-களிலிருந்தே கண்டு வந்தார்கள். இயற்கையே செய்து காட்டிய சிகிச்சை அது.

அந்தக் காமா மரபணுவை ஓயச் செய்வது எது? சார்டினியாத் தீவு மக்கள் உட்படப் பல்லாயிரவர் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆராய்ச்சிகள், 2007, 2008 ஆண்டுகளில், பி.சி.எல்.11ஏ என்னும் மரபணுவைச் சுட்டின. பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஆர்கினும், அவரிடம் அப்போது மாணவராயிருந்த விஜய் சங்கரனும், அந்த மரபணு உண்டாக்கும் புரதமே, வாய்க்காலுக்கு இட்ட மதகு போல, காமாவை அடைத்து நிற்கிறது என்று நிலைநாட்டினர். ஆனால் அந்த மதகை அடியோடு பெயர்த்துவிடவும் முடியாது. மூளையின் வளர்ச்சிக்கும் சிலவகை வெள்ளணுக்களுக்கும் அதே புரதம் இன்றியமையாதது. அந்த மரபணுவுக்குள், சிவப்பணுக்களில் மட்டும் அதைத் தூண்டிவிடும் சிறு பகுதி ஒன்று இருப்பது 2013-இல் தெரியவந்தபோதுதான், எங்கே கை வைக்கலாம் என்ற திடம் பிறந்தது. அந்தச் சிறு பகுதியைச் சிதைத்தால் மூளையும் வெள்ளணுவும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்க, சிவப்பணு மட்டும் தன் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பும்.

பாக்டீரியா தந்த கத்தரி

சிதைக்கும் கருவி, ரத்தத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மூலையிலிருந்து வந்தது. பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில் ஒரே வாசகம் இடைவெளி விட்டு விட்டு மீண்டும் மீண்டும் வருவதை 1987-இல் ஜப்பானின் ஒசாகாவில் இஷினோ என்னும் ஆராய்ச்சியாளர் கவனித்திருந்தார். ஸ்பெயின் நாட்டு உப்பளங்களில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மோகிகா, அந்த இடைவெளிகளில் இருப்பவை முன்பு தாக்கிய வைரஸ்களின் துணுக்குகள் என்று உணர்ந்தார். தயிர் உறைய வைக்கும் பாக்டீரியா அந்தத் துணுக்குகளைக்கொண்டு வைரஸை அடையாளங்கண்டு எதிர்க்கிறது என்பதை 2007-இல் ஓர் உணவுத்தொழில் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பரிசோதனையால் மெய்ப்பித்தார்கள். இம்மானுவேல் ஷார்பாந்தியேவும் ஜெனிபர் டவுட்னாவும் 2012-இல் அந்தத் தற்காப்பை, விரும்பிய இடத்தில் டி.என்.ஏ.வைத் துண்டிக்கும் கிரிஸ்பர் கருவியாக மாற்றினர். 2020-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவ்விருவரையும் சேர்ந்தது. உப்பளத்தையும் தயிரையும் ஆராய்ந்தவர்களில் எவரும் அரிவாள் அணு நோயாளிக்காக உழைக்கவில்லை. அறிவின் மீதுள்ள பற்றினாலும் தொழிலின் தேவையாலும் அவர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்பு வீண்போகவில்லை.

நோயாளிக்கு இந்தச் சிகிச்சை இலேசானதன்று. முதலில் மருந்து கொடுத்து, எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். அவற்றைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பித் திருத்தம் செய்து பரிசோதித்து மீளப் பெறுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு கடுமையான ரசாயன மருந்தால் பழைய மஜ்ஜையை அழித்து, திருத்திய அணுக்களை நாளத்தின் வழியே செலுத்துகிறார்கள். புதிய மஜ்ஜை வேரூன்றும் வரை, தொற்றுக்கு அஞ்சி, பல வாரம் மருத்துவமனை அறையைவிட்டு அகலக்கூடாது; அந்த ரசாயன மருந்தினால் பிள்ளைப்பேற்றுக்குப் பங்கம் நேரும் அபாயமும் உண்டு. இத்தனைக்கும் கிடைத்த பலன் மகத்தானது. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர், தொடர்ந்து ஓராண்டேனும் கடுமையான வலித் தாக்குதல் எதுவுமின்றி வாழ்ந்தார்கள். ஆண்டில் பல முறை மருத்துவமனைக் கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

மலைமக்களுக்கு உரியது

ஆனால் காஸ்ஜெவியின் விலை, அமெரிக்காவில், ஒருவருக்கு 22 லட்சம் டாலர். இந்நோயின் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவும், அதற்கு அடுத்து நம் தேசமும். இந்தியாவில் இம்மரபணுவை முதன்முதலில் கண்டறிந்தவர்கள் லேமனும் கட்புஷ்ஷும், கண்டறிந்த இடம் நம் நீலகிரி, ஆண்டு 1952. அங்கே பணியர், இருளர், குறும்பர் முதலிய மலைமக்களும், மத்திய இந்தியாவின் ஆதிவாசிகளும், இன்றளவும் இந்தப் பரம்பரைச் சுமையோடு பிறக்கிறார்கள். எந்த மக்களிடத்தில் நோய் மிகுந்ததோ, அவர்களுக்கு எட்டாத உயரத்தில் மருந்து இருப்பதை விஞ்ஞானத்தின் முழு வெற்றி என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. ஹீமோபிலியா என்னும் ரத்தம் உறையாத நோயுடைய ஐவருக்கு, அவர்களுடைய சொந்த மூல அணுக்களிலேயே மரபணுவை ஊட்டிச் செலுத்தி, அதற்குப்பின் அவர்களுக்கு ரத்தக்கசிவு நேராமல் காத்த வெற்றியை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவித்தது. டெல்லியிலுள்ள மரபணுத் தொகுதி ஆராய்ச்சி நிலையத்தார், அரிவாள் அணு நோய்க்கென்றே தாம் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சைக்கு, ஆதிவாசிகளின் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 2025-இல் பிலடெல்பியாவில், அபூர்வமான ஈரல் நோயோடு பிறந்த சிசு ஒன்றுக்கு, அதற்கென்றே தயாரித்த மரபணுத் திருத்த மருந்தை, அணுக்களை வெளியே எடுக்காமல் நேரே உடலுக்குள் செலுத்தினார்கள். மஜ்ஜையை அடைவது ஈரலை அடைவதைக் காட்டிலும் கடினம். எனினும் ரசாயன மருந்தும் நீண்ட மருத்துவமனை வாசமும் வேண்டாத நாள் ஒன்று வரக்கூடும் என்பதை அந்தச் சிகிச்சை காட்டிவிட்டது.

அந்த நாள் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மலிவான மாத்திரை, இதே சிசு ஹீமோகுளோபினை ஓரளவு பெருக்கி, வலித் தாக்குதல்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதை 1995-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி மெய்ப்பித்திருக்கிறது. நோயுள்ள குழந்தைகளுக்குத் தவறாமல் பெனிசிலின் கொடுத்துவந்தால், உயிர் குடிக்கும் தொற்றுகளைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1986 முதல் தெரிந்த செய்தி. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தம், நோயைக் கண்டறியப் போதும். 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் இந்நோயை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதனையின் பயன், அதைத் தொடரும் பராமரிப்பைப் பொறுத்தது. நோயுண்டு என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரைக்கும் பெனிசிலினுக்கும் மலையிலிருந்து ஒரு நாள் முழுதும் பயணம் செய்து வரும்படி விட்டால், அந்த அட்டையால் ஆவது ஒன்றுமில்லை. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இவ்விரு மருந்துகளும் ஆண்டு முழுதும் குறையாமல் இருக்கவேண்டும். வலியோடு வரும் பணியர் குலத்துப் பிள்ளையின் சொல்லை நம்பி உடனே சிகிச்சை தொடங்கும் செவிலியர் அங்கே இருக்கவேண்டும். நூறாண்டுக்கு மேலாகப் பல தேசத்தவர் சேர்த்துவைத்த இந்த ஞானத்துக்கு முதல் உரிமை உடையவர் அந்தப் பிள்ளைகளே. அதை அவர்களிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நம்முடையது.