ரோமன் ஷேட்: தூக்கத் தூக்க ஏன் கனக்குது?

ரோமன் ஷேட்னா, கயிற்றை இழுத்தா மடிப்பு மடிப்பா மேலே அடுக்கிக்கிற ஜன்னல் திரை. முழுசா இறங்கியிருக்கும்போது துணியின் எடையை மேல்சட்டமே தாங்கிடும். ஏற ஏற மடிப்புகள் கயிற்றில் உட்காரும். அடிக்கம்பியை விட்டுட்டா, 2 கிலோ துணி பாதி ஏறும்போது கயிற்றில் சுமார் 1 கிலோ. அதனால மெக்கானிசம் வாங்கும்போது முழுக்க மடிச்ச நிலையின் எடையைத்தான் பார்க்கணும்.

சின்ன ஜன்னலுக்கு கார்ட் லாக் போதும். அகலம் கூடினா நாலைந்து கயிறு, ஒவ்வொன்றிலும் உராய்வு வேற வேற, திரை கோணிடும். அங்கே செயின் கிளட்ச்தான் சரி. எல்லாக் கயிறும் ஒரே ஷாஃப்டில் சுற்றுவதால் சமமா ஏறும். கையை விட்டாலும் கிளட்ச் பிடிச்சுக்கும்.

ஆனா தொங்கும் செயின் வளையம் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கலாம். அளவெடுத்துச் செய்யும் திரைகளின் கயிறுகளுக்கும் அமெரிக்காவில் 2022-ல் விதி வந்தது இதனால்தான். செயினை டென்ஷனர் வெச்சு சுவரோடு இறுக்கிடணும். குழந்தை இருக்கும் வீடா? செலவானாலும் மோட்டார், பின்பக்கக் கயிறும் மூடியிருக்கிற மாதிரி.