சாப்பிடப் பயப்படும் நோய்

வரதய்யபாளையம் பக்கம் புரட்டாசி வந்தால் பல வீடுகளில் சனிக்கிழமை விரதம். பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடு. பூசை முடிந்ததும் எல்லாரும் ஆசையோடு இலை முன்னால் உட்காருவார்கள். விரதத்துக்கு ஒரு முடிவு உண்டு. முடிவே இல்லாமல் ஒருவர் பட்டினி கிடந்தால் அது விரதம் இல்லை. நோயாக இருக்கலாம்.

கேரளத்தில், கண்ணூர் மாவட்டத்தில், 2025 மார்ச் மாதம் 18 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். குண்டாகிவிடுவோமோ என்ற பயம். பல மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டார் கொடுத்த சாப்பாட்டை மறைத்துவிட்டு வெந்நீர் குடித்தே நாளைக் கடத்தினாள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அது அரிசி இல்லாத வீடு அல்ல.

"பெத்தவங்களுக்குக்கூடத் தெரியாதா?" என்று எங்கள் மையத்தில் ஓர் அம்மா கேட்டார். தெரியாமல் போகலாம். மறைக்கும் வழியையெல்லாம் இந்த நோயே சொல்லிக்கொடுத்துவிடும்.

இதற்கு அனோரெக்சியா என்று பெயர். உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கு மட்டும் குண்டாகத் தெரியும். இது திமிர் அல்ல, காத்து கருப்பும் அல்ல. மாதவிலக்கு நின்றுபோகும். முடி கொட்டும். வெயில் காலத்திலும் குளிரும். இதயத் துடிப்பு குறையும்.

இன்னொரு வகை புலிமியா. நிறையச் சாப்பிட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பார்கள். ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார். ஆனால் பல் அரித்துப்போகும், இதயம் தடுமாறும். இங்கிலாந்து இளவரசி டயானாவுக்கு இது இருந்தது. பல வருடம் மறைத்தவர், 1995இல் தொலைக்காட்சியில் தானே சொன்னார். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த நோய்கள் வரும்.

சரி, வீட்டில் எப்படிப் பேசுவது? சாப்பாட்டு வேளையில் வேண்டாம். சொந்தக்காரர்கள் முன்னால் வேண்டவே வேண்டாம். உடம்பைப் பற்றிய பேச்சையே விட்டுவிடுங்கள். "இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கே" என்று நாம் ஆசையாகச் சொல்வோம். அவள் காதில் அது "குண்டாயிட்டே" என்று விழும். நமக்கு விசித்திரம்தான், அவளுக்கு உண்மை.

தனியாக உட்கார்ந்து இப்படிக் கேட்கலாம்: "கண்ணு, கொஞ்ச நாளா நீ யாரோடயும் சேர்ந்து சாப்பிடறதில்லை. எனக்குக் கவலையா இருக்கு. என்ன பயம்னு சொல்லு. திட்ட மாட்டேன்."

முதல் நாள் "ஒண்ணுமில்லம்மா" என்பாள். கோபப்படுவாள். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். மயக்கமோ நெஞ்சு படபடப்போ இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் வயிறு நிறையச் சோறு போட்டுவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் இரத்தத்தில் உப்புகளின் அளவு கெட்டு உயிருக்கே ஆபத்து வரும். மருத்துவர் சொல்லும் அளவில் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். மனநல மருத்துவரும் பார்க்க வேண்டும். குணமாக மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில். நடுவில் ஒருமுறை பழையபடி ஆனால் பாடெல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் இது. காசு இல்லை, இரவும் பகலும் எடுப்பார்கள். தெலுங்கிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்தப் பயம் இருந்தால், வீட்டில் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். வாய் வரவில்லையா? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "அம்மா, எனக்குச் சாப்பிடப் பயமாக இருக்கிறது." இவ்வளவு எழுதினால் போதும்.